மாதம் 15,000 சொற்கள் முடியவில்லை, நாவல் முகாமுக்குப் போகலாமா?

தென் மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 36. கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கர். கணவருக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. மாதத்தில் இரண்டு சனி, ஞாயிறுதான் வீட்டுக்கு வருவார். ஏழாவதும் நான்காவதும் படிக்கும் பிள்ளைகள், கூடவே மாமியார். கல்லூரி நாளிலிருந்து எழுத்து ஆசை உண்டு. நான்கு சிறுகதைகள் சிற்றிதழ்களில் வந்திருக்கின்றன. இந்த ஜனவரியில், தீப்பெட்டி ஆபீஸில் முப்பது வருஷம் வேலை பார்த்த தன் பாட்டியின் வாழ்க்கையை நாவலாக எழுத உட்கார்ந்திருக்கிறார்.

மாதம் 15,000 சொற்கள், ஆறு மாதத்தில் 90,000, வரும் பொங்கலுக்குச் சென்னைப் புத்தகக் காட்சியில் புத்தகம் என்பது தீர்மானம். அதை ஒரு தாளில் எழுதி பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டினார். எழுதுகிறவர்கள் சேர்ந்த ஒரு வாட்ஸ்அப் குழுவில் ஒவ்வொரு மாதமும் முதல் தேதி இலக்கை அறிவித்தார். ஏழு மாதம் முடிந்தபோது கையில் இருப்பது 31,000 சொற்கள். மார்ச்சிலும் மே மாதத்திலும் ஒரு வரிகூட இல்லை. குழுவை மியூட்டில் போட்டுவிட்டார். பிள்ளைகள் தூங்கியபின் பதினொரு மணிக்குப் படுக்கையில் கைபேசியில் எழுதுவதுதான் வழக்கம். மூன்று வாரமாக இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் பிறகு தூக்கம் பிடிப்பதில்லை.

அடுத்த மாதம் வெள்ளி முதல் ஞாயிறு வரை மூன்று நாள் நாவல் முகாம் ஒன்று நடக்கிறது. தங்கல், சாப்பாடு சேர்த்து 4,500 ரூபாய். அவர் கேட்பவை இவை: முடிக்காத நாவலோடு போனால் கேவலமாக இருக்காதா? கதையை யாராவது எடுத்துக்கொண்டால் என்ன செய்வது? 48,000 ரூபாய் கொடுத்தால் 300 பிரதி போட்டுத் தருகிறேன் என்று ஒரு பதிப்பாளர் சொல்கிறார், அவரும் முகாமுக்கு வருகிறார், அங்கேயே பேசி முடித்துவிடலாமா? கணவர் "முதல்ல முடி, அப்புறம் போகலாம்" என்கிறார், அது சரியா?

கடிதத்தின் கடைசி வரிகளை அப்படியே தருகிறேன்: "அங்கே ஒரு மூத்த எழுத்தாளரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வேன். தேறும் என்றால் தொடர்வேன். தேறாது என்றால் எல்லாவற்றையும் கிழித்துப் போட்டுவிட்டுப் பிள்ளைகளைப் பார்ப்பேன்."

அன்புள்ள தோழி,

முகாமுக்குப் போங்கள். ஆனால் கடைசி மூன்று வரிகளில் சொன்ன காரணத்துக்காகப் போகாதீர்கள். அதை விளக்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அதற்கு முன் தூக்கத்தைப் பற்றி. நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனது இதுதான், எனக்கு முதலில் கண்ணில் பட்டதும் இதுதான். பதினொரு மணிக்கு, நாள் முழுக்க உழைத்த உடம்போடு, படுக்கையில், முகத்துக்கு நேரே வெளிச்சத்தை வைத்துக்கொண்டு, இன்றைக்கும் இலக்கு போச்சு என்ற நினைப்போடு எழுதுகிறீர்கள். தூக்கம் கெடுவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. படுக்கையில் எழுதுவதை இன்றோடு நிறுத்துங்கள். எழுதாமல் போகும் நாட்கள் போகட்டும். இரண்டு வாரம் கழித்தும் தூக்கம் திரும்பவில்லை, பசி குறைகிறது, எதிலும் பிடிப்பில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்றால் தள்ளிப்போடாமல் ஒரு மருத்துவரைப் பாருங்கள். வெளியே போய்ப் பேசத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணைக் கூப்பிடலாம். மத்திய அரசு 2022இல் தொடங்கியது. கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம்.

31,000 குறைவா?

90,000 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: ஆங்கிலத்தில் நாவல் எழுதக் கற்றுத்தரும் ஒரு காணொளியிலிருந்து. ஆங்கிலத்தில் அது நியாயமான கணக்குதான். தமிழுக்கு அதை அப்படியே தூக்கி வைக்க முடியாது. நாம் விகுதியும் வேற்றுமையும் துணைவினையும் ஒட்டி ஒரே சொல்லாக எழுதுவதை அங்கே நாலைந்து சொற்களாகப் பிரித்து எழுதுவார்கள். வழக்கமான அளவில் அச்சாகும் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பக்கத்துக்கு 200, 220 சொற்கள் பிடிக்கும். அப்படிப் பார்த்தால் நீங்கள் எழுதியிருப்பது கிட்டத்தட்ட 140, 150 பக்கம். 90,000 சொற்கள் என்றால் 400 பக்கத்துக்கு மேல். உங்கள் பாட்டியின் கதைக்கு அத்தனை பக்கம் வேண்டுமா என்பதை நீங்கள் கதையைக் கேட்டு முடிவு செய்யவில்லை, காணொளியைக் கேட்டு முடிவு செய்திருக்கிறீர்கள்.

மாதக் கணக்கும் அப்படித்தான். அமெரிக்காவில் 1999இல் தொடங்கிய ஒரு வழக்கம் உண்டு. நவம்பர் மாதத்துக்குள் 50,000 சொற்கள், அதாவது நாளுக்கு 1,667. உலகம் முழுக்கப் பரவியது. அதை நடத்திய அமைப்பு 2025இல் மூடப்பட்டுவிட்டது, ஆனாலும் அந்தக் கணக்கு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒரு மாதம் வேறெதையும் பார்க்காமல் முதல் வரைவைக் கொட்டிவிட நினைப்பவர்களுக்கு அது உதவியிருக்கிறது. மாதாமாதம் அதே வேகத்தில் ஓடு என்று அது யாருக்கும் சொல்லவில்லை.

உங்கள் குழுவில் யாரோ ட்ரோலப்பை உதாரணம் காட்டியதாக எழுதியிருந்தீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியர். தபால் துறையில் முழுநேர வேலை பார்த்துக்கொண்டே காலை ஐந்தரைக்கே மேசையில் உட்கார்ந்து, கடிகாரத்தை முன்னால் வைத்து, கால்மணிக்கு 250 சொற்கள் என்று எழுதினார். உண்மைதான். அதே மனிதர் தன்னை எழுப்பிக் காபி கொண்டுவந்து கொடுப்பதற்கென்றே ஒரு வேலையாளுக்கு ஆண்டுக்கு 5 பவுண்டு கூடுதலாகக் கொடுத்து வந்ததையும் எழுதி வைத்திருக்கிறார். உங்கள் வீட்டில் ஐந்தரை மணிக்கு அடுப்புப் பற்ற வைப்பது யார்? இரண்டு டிபன் பாக்ஸும் மாமியாருக்குக் கஞ்சியும் யார் கையால் ஆகிறது? அந்த மனிதரின் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்த எண்ணுக்குப் பின்னால் நின்ற வேலையாளை விட்டுவிட்டு, நான் சோம்பேறி என்று எழுதுகிறீர்கள். இதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

சரி, உங்கள் சொந்தக் கணக்கைப் பார்ப்போம். ஏழு மாதத்தில் இரண்டு மாதம் பூஜ்யம். மிச்சம் ஐந்து மாதத்தில் 31,000. மாதத்துக்கு 6,200. இதுதான் இந்த வீட்டில், இந்த வேலையோடு, இந்தப் பிள்ளைகளோடு உங்களால் முடிவது. நிரூபித்தும் காட்டியிருக்கிறீர்கள். மார்ச்சில் ஏன் எழுதவில்லை என்பதற்கு நீங்கள் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டாம். சங்கத்தில் வருடக் கணக்கு முடிப்பு, பிள்ளைகளுக்கு முழுப் பரீட்சை நெருங்குகிறது. மே மாதத்தில் லீவுக்கு வந்த நாத்தனார் குடும்பம் இருபது நாள் இருந்தது என்று நீங்களே சொல்கிறீர்கள். இவை இரண்டும் ஜனவரியிலேயே தெரிந்த விஷயங்கள். ஆனால் பீரோக் கதவில் ஒட்டிய தாளில் எல்லா மாதத்துக்கும் ஒரே 15,000.

இது உங்களுக்கு மட்டும் நடப்பதில்லை. கனடாவில் உளவியல் மாணவர்களிடம், ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே கெட்டுப்போனால் எவ்வளவு ஆகும் என்றும் கேட்டார்கள். 49 நாள் வரை ஆகலாம் என்றார்கள். கடைசியில் ஆனது 55 நாளுக்கு மேல். 1994இல் வந்த ஆய்வு அது. வேலையை நினைக்கும்போது வேலை மட்டும்தான் மனதில் ஓடும். நடுவில் வரும் காய்ச்சலும் கல்யாணமும் ஓடாது. அதற்கு மருந்து, போன மாதங்களில் நிஜமாக என்ன நடந்ததோ அதிலிருந்து கணக்கைத் தொடங்குவது.

மாத இலக்கை எப்படி மாற்றுவது?

பீரோக் கதவில் இருக்கும் தாளைக் கிழித்துவிடுங்கள். கிழிக்க வேண்டியது அது ஒன்றுதான்.

புதுத் தாளில் சொற்களின் எண்ணிக்கை வேண்டாம். மாதத்துக்கு 12 உட்காரல் என்று எழுதுங்கள். வாரத்துக்கு மூன்று, ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம். அதில் 500 சொற்கள் வந்தாலும் மாதம் 6,000, அதாவது உங்கள் பழைய சராசரிக்குப் பக்கத்தில் வந்துவிடும். 200தான் வந்தது, அல்லது பழையதில் 300ஐ அடித்துவிட்டீர்கள் என்றாலும் உட்கார்ந்த கணக்கு உட்கார்ந்த கணக்குதான், ஒரு கோடு போட்டுவிடலாம். நல்ல வரி வருவதும் வராததும் உங்கள் கையில் முழுசாக இல்லை. உட்காருவது பெரும்பாலும் உங்கள் கையில் இருக்கிறது. இலக்கு என்று ஒன்றை வைத்தால் அது உங்கள் கைக்கு எட்டுவதாக இருக்க வேண்டும்.

எப்போது, எங்கே என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஜெர்மனியில் மாணவர்களைக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஒரு கட்டுரை எழுதி அனுப்பச் சொன்னார்கள். எந்த நேரத்தில், எந்த இடத்தில் எழுதுவேன் என்று முன்கூட்டியே குறித்துக்கொண்டவர்கள், குறிக்காதவர்களைப்போல் இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட அளவில் முடித்து அனுப்பினார்கள். 1997இல் வந்த ஆய்வு. உங்கள் கடிதத்திலேயே இரண்டு இடங்கள் தெரிகின்றன. சங்கத்தில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வாடிக்கையாளர் வராத நேரம் ஒன்று. மாமியாரும் பிள்ளைகளும் டிவி முன்னால் உட்காரும் இரவு எட்டு மணி இன்னொன்று. "செவ்வாய், வியாழன் மதியம் சாப்பிட்ட டப்பாவைக் கழுவி வைத்ததும் நோட்டை எடுப்பேன், சனிக்கிழமை எட்டு மணிக்கு மாடிப்படியில்" என்று இவ்வளவு துல்லியமாக இருக்கட்டும். கணவர் வரும் வாரத்தில் சனிக்கிழமைக்குப் பதில் புதன்கிழமை. சங்கத்தில் எழுதும்போது சொந்த நோட்டில் எழுதுங்கள். அலுவலகக் கணினி வேண்டாம்.

எல்லா மாதமும் 12 ஆக இருக்க வேண்டாம். செப்டம்பரில் காலாண்டுப் பரீட்சை, அப்புறம் தீபாவளி, டிசம்பரில் அரையாண்டு. தீபாவளி வரும் மாதத்துக்கு 8 போதும். வரும் மார்ச்சுக்கு இப்போதே பூஜ்யம் என்று எழுதிவிடுங்கள். திட்டம் போட்டு விடும் மாதம் வேறு, தோற்றுப்போன மாதம் வேறு. ஏப்ரலில் திரும்பி உட்காருவதற்கு இந்த வித்தியாசம் பெரிய உதவி.

இப்படிப் போனால் நாவல் 55,000, 60,000 சொற்களுக்குள் நிற்கும் என்று வைத்துக்கொண்டால், வரும் பிப்ரவரி வாக்கில் முதல் வரைவு முடியும். வரும் பொங்கலுக்குப் புத்தகம் வராது. இதை நான் மழுப்பாமல் சொல்லியாக வேண்டும். ஜனவரிக் காட்சிக்கு ஒரு நாவல் வர வேண்டுமானால் அதற்குப் பல வாரம் முன்பே பதிப்பகத்தின் கைக்குப் போயிருக்க வேண்டும். மெய்ப்புத் திருத்தம், பக்க வடிவமைப்பு, அட்டை என்று வேலை இருக்கிறது. சென்னைப் புத்தகக் காட்சி 1977இல் தொடங்கியது, அடுத்தடுத்த வருஷமும் நடக்கும். உங்கள் பாட்டியின் கதையைப் பாதி வெந்ததாக இறக்கி வைக்க என்ன அவசரம்?

குழுவில் அறிவிப்பதைக் கொஞ்ச நாளைக்கு விடுங்கள். இப்படி ஆகப்போகிறேன் என்று பிறரிடம் சொல்லி அவர்களும் தலையாட்டிவிட்டால், ஓரளவு ஆகிவிட்ட உணர்வு வந்து உழைப்பு குறைகிறது என்று 2009இல் ஒரு ஆய்வு காட்டியது. எல்லாருக்கும் அப்படி என்று சொல்லமாட்டேன். உங்களுக்கு அந்தக் குழு தந்தது முதல் தேதியன்று பத்து கைதட்டல் பொம்மைகளும், முப்பதாம் தேதியன்று வெட்கமும்தான். அதற்குப் பதில் எழுதுகிற ஒரே ஒரு தோழியிடம், மாதக் கடைசியில் எத்தனை முறை உட்கார்ந்தேன் என்று மட்டும் சொல்லுங்கள்.

முகாமுக்கு எதற்காகப் போகிறோம்?

இப்போது அந்த மூன்று வரிகளுக்கு வருகிறேன். ஒரு மூத்த எழுத்தாளர் மூன்று நாள் முகாமில், பலர் சூழ்ந்து நிற்க, இரண்டு அமர்வுகளுக்கு நடுவே, தேநீர்க் கோப்பையோடு உங்கள் தாளைப் புரட்டுவார். அவருக்கு அன்றைக்குத் தலைவலி இருக்கலாம். அவருக்குப் பிடித்த எழுத்துமுறை வேறாக இருக்கலாம். ஆர்வத்தைக் கெடுக்க வேண்டாமே என்று "நல்லா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டும் போகலாம். அந்த ஒரு வார்த்தையின் மேல் ஏழு மாத உழைப்பையும், அதற்கு முந்தைய இருபது வருஷ ஆசையையும் வைப்பது உங்களுக்கு நீங்களே செய்யும் அநியாயம். தேறும் என்று அவர் சொன்னாலும் அது உதவாது. அடுத்த அத்தியாயம் வராத இரவில் அந்த வார்த்தை கூட வந்து உட்காராது. அப்புறம் மறுபடி ஒருவர் சொல்ல வேண்டியிருக்கும்.

ஒன்றைக் கவனித்தீர்களா? நாவலுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற மாதிரி எழுதியிருக்கிறீர்கள். இந்த ஏழு மாதத்தில் பிள்ளைகளைப் பார்க்காமல் விட்டதாகக் கடிதத்தில் ஓர் இடத்திலும் இல்லை. எழுத்தை விட்டால்தான் நல்ல தாய் என்று உங்களுக்குள் யாரோ சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது யாருடைய குரல் என்று யோசித்துப் பாருங்கள். விடை எனக்குத் தெரிய வேண்டியதில்லை.

முகாமில் கிடைப்பது வேறு. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரும் மூன்றாவது அத்தியாயத்தில் மாட்டிக்கொண்டவர் என்று தெரியவரும். ஒருவர் தன் நாவலின் காலவரிசையை எப்படிச் சுவரில் வரைந்தார் என்று சொல்வார். எந்தப் பதிப்பகம் எந்த மாதிரி நூல் போடுகிறது, பணம் ஒழுங்காகத் தருவது யார் என்பதெல்லாம் மேடையில் அல்ல, சாப்பாட்டு வரிசையில்தான் தெரியும். அதனால் முடிக்காத நாவலோடு போவது கேவலம் இல்லை, அதுதான் பொருத்தம். முடித்தவருக்கு இந்த முகாமில் கேட்க அவ்வளவு கேள்வி இருக்காது. உங்களுக்கு இருக்கிறது: பாட்டி சொல்வதாக எழுதுவதா, பேத்தி சொல்வதாக எழுதுவதா என்று குழம்புவதாகச் சொல்லியிருந்தீர்களே, அந்த ஒரு கேள்வியை எடுத்துப் போங்கள். "நல்லா இருக்கா?" என்று யாரிடமும் கேட்காதீர்கள். "எந்த இடத்தில் படிக்க அலுப்புத் தட்டியது, எந்த இடத்தில் புரியவில்லை?" என்று மூன்று பேரிடம் கேளுங்கள். மூன்று பேரும் ஒரே இடத்தைக் காட்டினால் அந்த இடத்தைத் திருத்துங்கள். ஒருவர் மட்டும் சொன்னால் குறித்துக்கொண்டு ஒரு மாதம் கழித்துப் பாருங்கள். 150 பக்கத்தையும் யார் கையிலும் திணிக்க வேண்டாம். பத்துப் பக்கம் அச்செடுத்து மூன்று படி கொண்டுபோனால் போதும்.

இன்னொன்றையும் பெண்களிடம் சொல்லாமல் விடக் கூடாது. பணம் கட்டும் முன் அமைப்பாளரைத் தொலைபேசியில் கூப்பிடுங்கள். பெண்களுக்குத் தனித் தங்குமிடமா, அறைக்கு எத்தனை பேர், எத்தனை பெண்கள் பதிந்திருக்கிறார்கள், புகார் இருந்தால் யாரிடம் சொல்வது, வர முடியாவிட்டால் பணம் திரும்புமா என்று கேளுங்கள். ஒழுங்காக நடத்துகிறவர் இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்க மாட்டார். கையெழுத்துப் பிரதியைப் பற்றிப் பேச வேண்டும், இரவு அறைக்கு வாருங்கள் என்று எவ்வளவு பெரிய பெயர் சொன்னாலும், "காலையில் எல்லாரும் இருக்கும் இடத்தில் பேசலாம் சார்" என்று சொல்லிவிடுங்கள். அதனால் கைநழுவும் வாய்ப்பு எதுவும் வாய்ப்பே அல்ல.

கதை திருட்டும் பதிப்பாளரும்

நான் வழக்கறிஞர் இல்லை. இருந்தாலும் எழுதுகிறவர்களோடு பேசிப் பேசி இந்த அடிப்படை தெரியும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் ஆண்டினது. நீங்கள் எழுதிய கணத்திலேயே எழுத்தின் உரிமை உங்களுடையது. பதிவு செய்வது கட்டாயம் இல்லை. செய்தால் பின்னால் சான்றாக உதவும், இலக்கியப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். உரிமை உங்கள் ஆயுள் முழுக்கவும், அதற்குப் பின் 60 ஆண்டும் இருக்கும். ஆனால் சட்டம் காப்பது எழுதிய வடிவத்தை, கருவை அல்ல. 1978இல் உச்ச நீதிமன்றம் ஆர்.ஜி.ஆனந்த் வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. தீப்பெட்டி ஆபீஸ் பெண்களைப் பற்றி வேறொருவரும் நாவல் எழுதலாம், தடுக்க முடியாது. உங்கள் பாட்டியை எழுதத்தான் அவரால் முடியாது. வாய்வழியாகக் கதை முழுவதையும் எல்லாரிடமும் சொல்ல வேண்டாம், எழுதிய கோப்பை உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பித் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் பயப்படத் தேவையில்லை.

48,000 ரூபாய் விஷயத்தில் முகாமில் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். காசு கொடுத்துச் சொந்தமாகப் புத்தகம் போடுவது தப்பில்லை. பலர் தெரிந்தே செய்கிறார்கள். ஆனால் அதற்குப் பெயர் பதிப்பாளர் உங்களைத் தேர்ந்தெடுத்தார் என்பது அல்ல, நீங்கள் அச்சுச் செலவைக் கொடுத்தீர்கள் என்பது. இன்னும் பாதிதான் எழுதியிருக்கும் நாவலுக்கு, ஒரு பக்கமும் படிக்காமல் விலை சொன்னவரைக் கொஞ்சம் தள்ளியே வையுங்கள். அவர் தந்த செலவுப் பட்டியலில் ஐஎஸ்பிஎன் என்னும் புத்தக அடையாள எண்ணுக்கு 3,000 ரூபாய் என்று இருக்கிறது. இந்தியாவில் அந்த எண்ணை ராஜா ராம்மோகன் ராய் பெயரிலான தேசிய முகமை இலவசமாகத் தருகிறது, எழுத்தாளரே நேரடியாக விண்ணப்பிக்கலாம்.

வேறு பதிப்பகம் ஒப்பந்தம் தந்தாலும் எந்த உரிமை, எத்தனை ஆண்டு, எந்த நாடுகள், ராயல்டி (விற்பனையில் உங்கள் பங்கு) எவ்வளவு என்பது எழுத்தில் இருக்க வேண்டும். ஆண்டு குறிப்பிடாவிட்டால் சட்டப்படி 5 ஆண்டு என்றும், நாடு குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் கொள்ளப்படும். "எல்லா உரிமைகளும், என்றென்றைக்கும்" என்று இருந்தால் அச்சு உரிமையைத் தவிர்த்து மொழிபெயர்ப்பு, திரைப்படம், ஒலிப்புத்தகம் ஆகியவற்றை நீக்கித் தரச் சொல்லிக் கேளுங்கள். கையெழுத்துக்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

வீட்டில் எப்படிப் பேசுவது?

கணவர் சொன்னதை நீங்கள் தடை என்று எடுத்துக்கொண்டீர்கள். எனக்கு அது வேறு மாதிரிக் கேட்கிறது. மாதத்தில் நான்கே நாள் வீட்டுக்கு வருகிறவர்; முகாமின் சனி, ஞாயிறு அவர் வரும் வாரமாக இருந்தால், மனைவி இல்லாத வீட்டுக்கு வர வேண்டும். அந்த வருத்தம் அவருக்கு இருக்கும், அதை வாய்விட்டுச் சொல்லத் தெரியாமல் "முதல்ல முடி" என்று சொல்லியிருக்கலாம். நான் நினைப்பது தப்பாகவும் இருக்கலாம். அதனால் "போகலாமா?" என்று அனுமதி கேட்பதுபோல் தொடங்காமல், தேதியைச் சொல்லித் தொடங்குங்கள். "இந்தத் தேதிகளில் முகாம். நீங்க அந்த வாரம் வர்றீங்களா, அடுத்த வாரமா? வந்தா பிள்ளைங்களோட நீங்க இருப்பீங்க, இல்லேன்னா எங்க அம்மாவை வரச் சொல்லட்டுமா?" என்று கேளுங்கள். செலவு 4,500ம் பஸ்ஸும். உங்கள் சம்பளத்திலிருந்து என்று சொல்லிவிடுங்கள். அதற்குக் கணக்கு ஒப்பிக்க வேண்டியதில்லை. அவர் பிள்ளைகளோடு தனியாக இருக்கும் இரண்டு நாள் அவருக்கும் நல்லது.

மாமியாரையும் ஒரு வார்த்தை கேளுங்கள். அவரும் சின்ன வயதில் பெட்டி ஒட்டியவர் என்று எழுதியிருந்தீர்கள். நாவலுக்கு வேண்டிய பாதித் தகவல் உங்கள் வீட்டுத் திண்ணையிலேயே இருக்கிறது. எட்டு மணி உட்காரலில் ஒன்றை அவரோடு பேசுவதற்கு ஒதுக்கினால், அதையும் 12இல் ஒன்றாகக் கணக்கு வைக்கலாம்.

கடைசியாக, எந்தப் பத்துப் பக்கத்தை எடுத்துப் போவது என்பது. நான் இலக்கிய விமர்சகர் இல்லை, ஆனால் நீங்கள் கடிதத்தோடு இணைத்த நான்கு பக்கத்தையும் படித்தேன். முதல் இரண்டு பக்கம் ஊரின் வரலாறு. யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம். மூன்றாவது பக்கத்தில் விடியுமுன் ஆபீஸ் பஸ் வருகிறது. பாட்டி இடுப்பில் தூங்கும் தங்கையோடு ஏறுகிறாள், டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கிறார், முந்தின நாள் பசை நகக்கண்ணில் காய்ந்து கிடக்கிறது, அதைப் பல்லால் சுரண்டிக்கொண்டே வருகிறாள். அங்கிருந்து தொடங்கும் பத்துப் பக்கத்தை எடுத்துப் போங்கள். பெயரும் கைபேசி எண்ணும் ஒவ்வொரு பக்கத்தின் மேலும் இருக்கட்டும், இரட்டை இடைவெளி விட்டு அச்செடுங்கள், ஓரத்தில் பிறர் எழுத இடம் வேண்டும். முன்பதிவு இந்த மாதக் கடைசியோடு முடிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அமைப்பாளரை நாளைக்கே கூப்பிட்டுவிடுங்கள்.